பயமும் ஜெபமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, பத்து நிமிஷம் நீ பேசணும். பயத்தை மேற்கொள்வது எப்படி என்பது தலைப்பு" என்றார். "அண்ணே, நான் போதகர் இல்லையே, பாய்லர் பக்கத்தில் நிற்கிற ஆள்" என்றேன். "அதனாலதான்பா உன்னைக் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். இங்கே பிற சமயத்து நண்பர்களும் இருக்கிறீர்கள். நான் என் விசுவாசத்தில் நின்று பேசுகிறேன். ஆனால் பயம் நம் எல்லோருக்கும் பொது.

யாருக்குத்தான் பயம் இல்லை? தம்பிமார்களுக்கு அரியர்ஸ் பயம், கேம்பஸ் இன்டர்வியூ பயம். கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு லீவில் ஊருக்குப் போய் அப்பா முகத்தைப் பார்க்கவே பயம். எங்கள் வயதுக்காரர்களுக்கு வேலை நிலைக்குமா, வீட்டுக் கடன் தவணை கட்ட முடியுமா என்று பயம். மூத்தவர்களுக்கு லேப் ரிப்போர்ட் பயம். அந்தக் கவரைப் பிரிக்கும்போது கை நடுங்குகிறது, இல்லீங்களா?

இதில் கிறிஸ்தவர்களான நமக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பயமா இருக்குன்னு சொன்னால், "என்னப்பா, விசுவாசி பயப்படலாமா?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் மறைத்துக்கொள்கிறோம். ஒரு பயம் இரண்டாகிவிடுகிறது. முதலில் இருந்த பயம் ஒன்று. பயப்படுகிறோமே என்ற பயம் இன்னொன்று.

வேதாகமத்தில் "பயப்படாதே" என்ற வார்த்தை 365 முறை வருகிறது, நாளைக்கு ஒன்று என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உட்கார்ந்து எண்ணினால் அந்தக் கணக்கு வராது. அது போகட்டும். அந்த வார்த்தை யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். கிதியோனிடம் சொல்லப்பட்டது. மீதியானியருக்குப் பயந்து, மறைவான இடத்தில் கோதுமை தட்டிக்கொண்டிருந்த ஆள் அவன். தகப்பனுடைய பாகால் பலிபீடத்தை இடிக்கும்படி கர்த்தர் அவனிடம் சொன்னார். பகலில் செய்யப் பயந்து இரவில் செய்தான் என்று நியாயாதிபதிகள் புத்தகம் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறது. பயமும் இருந்தது, பலிபீடமும் இடிந்தது!

ஆண்டவராகிய இயேசுவே கெத்செமனே தோட்டத்தில் வியாகுலப்பட்டார். பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று மூன்று முறை ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. ஆனால் ஜெபம் முடிந்து எழுந்தவர், தூங்கிக்கொண்டிருந்த சீஷர்களை எழுப்பிவிட்டு, தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு எதிரே தாமே நடந்து போனார். ஜெபம் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நேரான பாடம் எனக்குத் தெரியாது.

நம் காலத்துக்குக் கிட்டத்தில் ஒரு சாட்சி சொல்கிறேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலம், மான்ட்கோமரி நகரம். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதை நிறுத்திவிட்டு நடந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைவராக்கப்பட்டவர் அவ்வூரின் இளம் போதகர் மார்ட்டின் லூதர் கிங். அப்போது அவருக்கு வயது 26.

மிரட்டல் கடிதங்களும் போன்களும் வந்துகொண்டே இருந்தன. 1956 ஜனவரி 27 இரவு, எல்லோரும் படுத்த பிறகு இன்னொரு போன். ஊரைவிட்டுப் போகாவிட்டால் உயிர் இருக்காது என்ற மிரட்டல். மனைவியும், பிறந்து இரண்டு மாதமே ஆன பெண் குழந்தையும் வீட்டில். தூக்கம் போய்விட்டது. சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டார், குடிக்க முடியவில்லை. கோழை என்று பெயர் வாங்காமல் இதிலிருந்து எப்படி விலகலாம் என்று யோசித்தாராம். 1958இல் வந்த தம் புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். அப்புறம் மேஜைமேல் குனிந்து வாய்விட்டு ஜெபித்தார். பெரிய ஜெபம் ஒன்றுமில்லை. தமக்குப் பயமாக இருப்பதையும், தம் பலமெல்லாம் தீர்ந்துவிட்டதையும் தேவனிடம் அப்படியே சொன்னார். தனியே விடப்படவில்லை என்ற நிச்சயம் அந்த இடத்திலேயே அவருக்கு வந்தது.

அவர் போதகரின் மகன், போதகரின் பேரன், இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அப்பா, தாத்தா வழியாக வந்த விசுவாசம் அந்த ராத்திரியில்தான் அவருக்குச் சொந்தமானது. பரம்பரைக் கிறிஸ்தவர்களாகிய நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

மூன்றே நாளில், ஜனவரி 30 இரவு, அவர் வீட்டு வராந்தாவில் குண்டு வெடித்தது. மனைவிக்கும் குழந்தைக்கும் காயமில்லை. ஆயுதங்களோடு திரண்ட தம் ஜனங்களை, அதே வராந்தாவில் நின்று அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். போராட்டம் 381 நாள் நடந்தது. 1956 டிசம்பரில் அந்நகரப் பேருந்துகளில் நிறப் பாகுபாடு முடிவுக்கு வந்தது.

ஆனால் 1968 ஏப்ரல் 4 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. ஜெபித்தால் ஆபத்தே வராது என்று நான் இங்கே நின்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. ஜெபம் அவருக்கு ஆபத்தில்லாத வாழ்க்கையைக் கொடுக்கவில்லை. பயந்து விலகிப்போகாத பன்னிரண்டு வருஷங்களைக் கொடுத்தது.

எங்கள் தொழில் பாஷையில் சொல்கிறேன். கண்ட்ரோல் ரூமில் அலாரம் பேனல் இருக்கும். எங்கேயாவது கோளாறு வந்தால் விளக்கு விட்டுவிட்டு எரியும், ஹூட்டர் அலறும். ஆபரேட்டர் அக்னாலட்ஜ் பட்டனை அமுக்கினால் ஹூட்டர் நின்றுவிடும். ஆனால் விளக்கு அணையாது. கோளாறைச் சரிசெய்யும் வரை எரிந்துகொண்டேதான் இருக்கும். ஹூட்டர் அலறும்போது எவனாலும் யோசிக்க முடியாது. அது நின்றால்தான் எந்த வால்வை மூடுவது, யாரைக் கூப்பிடுவது என்று புத்தி வேலை செய்யும். ஜெபம் எனக்கு அந்தப் பட்டன். விளக்கு எரியட்டும். அது உண்மையைத்தானே சொல்கிறது!

என் அனுபவத்தையும் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன் நான் இருந்த சைட்டில் ஒரு தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். முதல் நாள் சாயங்காலம் என்னோடு டீ குடித்தவர். அதற்குப் பிறகு எனக்குப் பாய்லர் ஸ்ட்ரக்சரில் மூன்றாவது பிளாட்பாரத்துக்கு மேல் கால் போகவில்லை. அங்கே நடக்கிற தளமெல்லாம் கம்பிச் சட்டம். காலுக்குக் கீழே தரை தெரியும். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வரும், வேர்த்துக் கொட்டும். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

வயதான போர்மேன் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். "சார், ஆண்டவர்ட்ட சொன்னீங்களா?" என்றார். "தைரியம் கேட்டு தினமும் ஜெபம் பண்றேன்யா" என்றேன். "தைரியம் கேட்கிறீங்க, சரி. பயமா இருக்குன்னு சொன்னீங்களா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று ராத்திரி ரூமில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, எனக்கு மேலே ஏறப் பயமா இருக்கு. விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு. என் பிள்ளைங்களை நினைச்சு பயமா இருக்கு" என்று சொன்னேன். அழுகை வந்தது. ஹூட்டர் நின்றது. மறுநாள் அந்தப் போர்மேனோடு ஏறினேன். முழங்கால் ஆடத்தான் செய்தது. ஆனால் கண் திறந்திருந்தது. ஒரு பக்கம் பாதுகாப்பு வலை இல்லை என்பது தெரிந்தது. அதைக் கட்டும்வரை அங்கே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மேலே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வலை வந்தது. என் பயம் போக இன்னும் சில மாதங்கள் ஆனது.

தம்பி தங்கைகளே, மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, பயத்தைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். "என்னைப் பலப்படுத்தும்" என்று பொதுவாகச் சொல்லி எழுந்துவிடாதீர்கள். எந்தப் பேப்பர், எந்தக் கடன், எந்த நோய் என்று சொல்லுங்கள். இரண்டாவது, தனியாகச் சுமக்காதீர்கள். ஒரு நண்பனிடம், ஓர் ஆசிரியரிடம் சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் போய், நெஞ்சு படபடப்பு நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். அது அவிசுவாசம் அல்ல, லூக்காவும் வைத்தியர்தான். மூன்றாவது, ஜெபித்துவிட்டு எழுந்திருங்கள். பயம் முழுசாகப் போகட்டும் என்று காத்திருந்தால் கிதியோன் இன்னும் கோதுமைதான் தட்டிக்கொண்டிருப்பான். அடுத்த வேலை எதுவோ அதைச் செய்யுங்கள். புத்தகத்தைத் திறப்பதோ, அப்பாவுக்குப் போன் பண்ணுவதோ, அந்தக் கவரைப் பிரிப்பதோ, எதுவானாலும் சரி.

பயப்படுகிறவனை ஆண்டவர் வெட்கப்படுத்துவதில்லை. கூடவே நடந்து வருகிறார்.