முதனிலைத் தேர்தல்: அமெரிக்கப் பழமைவாதிகளின் விவாதம் நமக்கு உணர்த்துவது

(குடியுரிமைப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நம்மில் பலர் நவம்பர் மாதத் தேர்தலை மட்டுமே தேர்தல் எனக் கருதுகின்றோம். ஆனால், கட்சிகள் தத்தம் வேட்பாளர்களைத் தெரிவு செய்யும் முதனிலைத் தேர்தல்கள் அதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றன. அவற்றின் வலிமையை நன்குணர்ந்தவர்கள் குடியரசுக் கட்சியின் பழமைவாதச் செயற்பாட்டாளர்கள். அவர்தம் கொள்கைகளை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். அவர்கள் தமக்குள் நடத்திய விவாதத்தை அறிந்திருப்பது அவசியம்.

'சீபேக்' எனப்படும் பழமைவாத அரசியல் செயற்பாட்டு மாநாடு 1974ஆம் ஆண்டு தொடங்கியது. அவ்வாண்டு நிக்சன் பதவி விலக, போர்டு அதிபரானார். மிதவாதியான ராக்பெல்லரை அவர் துணை அதிபராக்கியது பழமைவாதிகளைச் சினங்கொள்ளச் செய்தது. தனிக்கட்சி தொடங்குவதா, இருக்கும் கட்சியைக் கைக்கொள்வதா என்ற வினா 1975 மாநாட்டில் முன்னின்றது. மூன்றாவது கட்சி வேண்டாம், இருக்கும் கட்சிக்கே தெளிவான கொள்கை நிறம் தருவோம் என்றார் ரொனால்ட் ரீகன். 1976இல் பதவியிலிருந்த அதிபரையே எதிர்த்துப் போட்டியிட்ட அவர், கட்சியின் தேசிய மாநாட்டில் 1187க்கு 1070 என்ற கணக்கில் தோற்றார். நவம்பரில் போர்டும் கார்ட்டரிடம் தோற்றார். ஆயினும், 1980இல் கட்சியும் வெள்ளை மாளிகையும் ரீகன் வசமாயின.

வழி தெளிவாயிற்று, அதன் விலை குறித்த விவாதம் ஓயவில்லை. கொள்கையில் தூயவரை நிறுத்துவதா, வெல்லக்கூடியவரை நிறுத்துவதா? வெல்லக்கூடியவர்களுள் மிகவும் வலப்பக்கம் நிற்பவரை ஆதரிப்பதே முறை என்று 1967இலேயே வில்லியம் பக்லி வகுத்திருந்தார். எவர் வெல்லக்கூடியவர் என்பதில்தான் சிக்கல்.

2010ஆம் ஆண்டைப் பாருங்கள். அவ்வாண்டு சீபேக் மாநாட்டில் முதன்மை உரை ஆற்றியவர்களுள் ஒருவர் புளோரிடாவின் மார்கோ ரூபியோ. செயற்பாட்டாளர்கள் அவர் பின் திரண்டதால் ஆளுநர் சார்லி கிரிஸ்ட் கட்சியைவிட்டே வெளியேறினார். ரூபியோ நவம்பரிலும் வென்றார். அதே ஆண்டு டெலவேரில், மாநிலம் முழுதும் செல்வாக்குப் பெற்றிருந்த மைக் காசலை கிறிஸ்டின் ஓடானல் முதனிலைத் தேர்தலில் வீழ்த்தினார். அதில் பதிவானவை சுமார் 57,000 வாக்குகளே. நவம்பரில் ஓடானல் ஏறத்தாழ 40 விழுக்காடே பெற்று, எளிதில் வெல்லக்கூடும் எனக் கருதப்பட்ட இடத்தை இழந்தார். 2012இல் இந்தியானாவிலும், 36 ஆண்டுகள் செனட்டராக இருந்த ரிச்சர்டு லூகரை வீழ்த்தியவர் பொதுத்தேர்தலில் தோற்றார்.

மாநாட்டு மண்டபத்தின் ஆரவாரம் நாட்டின் தீர்ப்பு அன்று. 2010, 2011 ஆகிய ஈராண்டுகளிலும் சீபேக் மாதிரி வாக்கெடுப்பில் முதலிடம் பெற்ற ரான் பாலுக்குக் கட்சியின் வேட்பாளர் தகுதி கிட்டவேயில்லை.

அப்படியாயின் தூய்மைவாதிகள் தோற்றுவிட்டனரா? இல்லை. இங்குதான் நம் வாழ்வும் இவ்விவாதத்தில் தொடர்புறுகின்றது. 2013 ஜூன் மாதம் 68க்கு 32 என்ற வாக்குகளில் செனட் நிறைவேற்றிய குடிவரவுச் சட்டமூலம், வேலைவாய்ப்பு வழியிலான பச்சை அட்டைக்குரிய நாடுவாரி உச்சவரம்பை நீக்க முனைந்தது. இந்தியாவில் பிறந்து, ஹெச்-1பி விசாவில் பணியாற்றி, ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கும் நம்மவர் எத்தனை பேர்! அச்சட்டமூலம் கீழவையில் தேங்கிக் கிடந்தது. 2014 ஜூன் 10 அன்று, கீழவையின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேண்டர், குடிவரவையே முக்கியப் பிரச்சினையாக்கிய டேவ் பிராட்டிடம் வர்ஜீனியாவில் தோற்றார். அத்தொகுதியில் வாக்களித்தவர்கள் சுமார் 65,000 பேர். அதன் பின் அச்சட்டமூலத்தைத் தொடும் துணிவு கட்சித் தலைமைக்கு இல்லை. வாக்கெடுப்புக்கே வராமல் அது காலாவதியானது. அது குடியரசுக் கட்சிக்கு உறுதியான தொகுதி என்பதால் நவம்பரில் பிராட்டும் வென்றார்.

ஓர் உறுப்பினரை வீழ்த்தினால் நூறு உறுப்பினர்கள் அஞ்சுவர் என்பதே அச்செயற்பாட்டாளர்கள் கண்டறிந்த உண்மை. அதற்குக் கோடிக்கணக்கானோர் தேவையில்லை. பிறர் வீட்டில் இருக்கும் நாளில் தவறாது வாக்குச்சாவடிக்குச் செல்லும் சில ஆயிரம் பேர் போதும்.

ஆகவே, உறவுகளே, விசாவில் இருப்போர் வாக்களிக்க இயலாது. அவர்களுக்காகவும் வாக்களிக்கும் பொறுப்பு குடியுரிமை பெற்றோருடையது. நியூயார்க், பென்சில்வேனியா, புளோரிடா போன்ற மாநிலங்களில் கட்சியில் பதிவு செய்தோர் மட்டுமே அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்க முடியும். எக்கட்சி என்பது உங்கள் விருப்பம். உங்கள் பதிவு எவ்வாறுள்ளது, இறுதி நாள் எது என்பதை இன்றிரவே சரிபாருங்கள். ஒரு கட்சியே எப்போதும் வெல்லும் தொகுதியில் வாழ்வீர்களாயின், உங்கள் உண்மையான தேர்தல் நவம்பரில் நடப்பதில்லை.