கடலின் சிறு சுழல்களும் வானத்துக் கண்களும்

(நமது ஜமாஅத்தின் மாணவர் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கரிசல் மண்ணில் நின்றுகொண்டு கடலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நம் விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை தருவது வங்கக் கடலே. அந்த மழை என்றைக்கு வரும் என்பது பட்டாசுத் தொழிலாளிக்குப் பெருங்கவலை. வெயிலில் காயும் சரக்கு நனைந்தால் அன்றைய கூலி போகும். அதனினும் கொடியது, ஈரம்பட்ட அலுமினியத் தூள் கலவை தானே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பது. ஆகவே கடல் நமக்கு அந்நியமன்று.

கரையிலிருந்து பார்த்தால் கடல் ஒரே நீலப் பரப்பாகத் தெரிகிறது. மேலிருந்து பார்த்தால் அப்படியன்று. 1984 அக்டோபரில் சேலஞ்சர் விண்ணோடத்தில் சென்ற கடலியல் அறிஞர் பால் ஸ்கல்லி-பவர், சூரிய ஒளி நீரில் பட்டு மின்னிய இடங்களில் சுருள் சுருளான வடிவங்களைக் கண்டு படமெடுத்தார். பெரும்பாலும் 10 முதல் 25 கிலோமீட்டர் அகலமுடைய சுழல்கள் அவை. கடலில் வாழும் நுண்ணுயிர்களால் உண்டாகும் மெல்லிய எண்ணெய்ப் படலம், நீரோட்டங்கள் கூடும் இடத்தில் கோடாகத் திரள்கிறது. அங்கே சிற்றலைகள் அடங்கி, நீர் கண்ணாடிபோல் ஒளிர்கிறது. அதனால்தான் சுழலின் உருவம் கண்ணுக்குப் புலப்படுகிறது.

இந்தச் சிறு சுழல்களின் ஓரங்களில் நீர் மேலும் கீழுமாக நகர்கிறது. கீழிருந்து வரும் நீர் உரச்சத்தைக் கொண்டுவருகிறது. அதில் நுண்பாசி வளர்கிறது. அதை உண்ணச் சிறு மீனும், அச்சிறு மீனைத் தேடிப் பெரிய மீனும் வருகின்றன. மேலிருந்து இறங்கும் நீரோ வெப்பத்தையும் கரியமில வாயுவையும் ஆழத்திற்குக் கொண்டுசெல்கிறது. புயலுக்கும் மழைக்கும் ஊட்டமளிப்பது கடலின் வெப்பம். ஆதலால் வானிலையைக் கணிப்போரும் இச்சிறு சுழல்களை அறிய விரும்புகின்றனர்.

இவற்றை ஏன் நெடுங்காலம் சரிவர அளக்க முடியவில்லை? இதற்குச் சிவகாசி அச்சகத்திலேயே விடை இருக்கிறது. நான்கு வண்ணத்தில் அச்சான நாட்காட்டிப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிகளே தெரியும். புள்ளி பெரிதானால் முகம் தெரியும், கண்ணிமை தெரியாது. 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொசைடன் செயற்கைக்கோள், கடல் மட்டத்தின் உயரத்தை ரேடார் கொண்டு நுட்பமாக அளந்தது. ஆனால் தன் பாதைக்கு நேர்கீழே ஒரு கோட்டில் மட்டுமே அளந்தது. ஒரு கோட்டிற்கும் அடுத்த கோட்டிற்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விடுபட்டது. பெரிய சுழல்கள் அகப்பட்டன, சிறியவை நழுவிவிட்டன. 2022 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் நாசாவும் பிரான்சின் சினெஸ் நிறுவனமும் சேர்ந்து ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் இக்குறையைப் பெரிதும் போக்கியது. நடுவே 20 கிலோமீட்டர் இடைவெளி நீங்கலாக, 120 கிலோமீட்டர் அகலப் பட்டையை அது ஒரே வேளையில் அளக்கிறது.

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. 1999 மே 26 அன்று இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட்-1, கடலின் நிறத்தைக் கொண்டு நுண்பாசி எங்கே மிகுந்துள்ளது என்று காட்டியது. அதன் கண்ணுக்கு ஒரு புள்ளி என்பது சுமார் 360 மீட்டர். 2022 நவம்பர் 26 அன்று ஏவப்பட்ட ஓஷன்சாட்-3, கடலின் நிறத்தை 13 அலைவரிசைகளில் பிரித்துப் பார்க்கும் கருவியைச் சுமந்து சென்றது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள்கள் காட்டும் நிறத்தையும் வெப்பத்தையும் ஒப்பிட்டு, மீன் கூடும் இடம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று மீனவர்க்குத் தமிழிலும் அறிவிக்கிறது. மேகம் மூடினால் நிறம் தெரியாது. அப்போது அறிவிப்பும் இல்லை. வானத்துக் கண்ணுக்கும் எல்லை உண்டு.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம்மில் பலருக்கு உறவினர் உண்டு. அங்குள்ள கடலோடிகளைக் கேட்டுப் பாருங்கள். நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். நீரின் நிறத்தையும் பறவை வட்டமிடும் இடத்தையும் வைத்து வலை விரிப்பார்கள். கருவி இல்லாமல் கடலைப் படித்தவர்கள் அவர்கள். செயற்கைக்கோள் அவர்களுடைய அறிவைப் பொய்யாக்கவில்லை. அவர்கள் பார்வை எட்டாத தூரத்தையும் சேர்த்துக் காட்டுகிறது.

ஆனால் அறிந்தால் மட்டும் போதுமா? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரியை ஒட்டிக் கடந்தது. பல நாட்களுக்கு முன்பே தங்குகடல் மீன்பிடிப்புக்குச் சென்றிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைப்பேசி அலை கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் கிடைப்பது அரிது. எத்தனையோ குடும்பங்கள் தகப்பனையும் பிள்ளையையும் இழந்தன. அதன் பிறகே, ககன் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் செய்தி பெறத்தக்க ஜெமினி என்னும் கருவி 2019 அக்டோபரில் அறிமுகமானது. செய்தி இருந்தது, அதைச் சுமந்து செல்லும் வழி இல்லாமற்போனதே அன்றைய துயரம்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. கனமழை எச்சரிக்கையை வானிலைத் துறை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதிகாலையில் வேனேறிப் பட்டாசு ஆலைக்குச் செல்லும் நம் சகோதர சகோதரிகள் அதை அறிகிறார்களா? மழைக்காலத்தில் அந்த எச்சரிக்கையை முந்தைய மாலையே பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். இன்று பரிசு பெறும் மாணவர் இருவர் அப்பொறுப்பை ஏற்றாலே போதும். செலவென்று பார்த்தால் ஒரு சாக்பீஸ்தான்.

மாணவச் செல்வங்களே! உங்களில் ஒருவர் நாளை கடலை அளக்கும் கருவியைச் செய்யலாம். அதுவரை, கிடைத்த செய்தியை உரியவரிடம் வேளையோடு சேர்ப்பவராக இருங்கள்.