பயாப்சிக்கு அஞ்ச வேண்டாம்

(அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு குனியமுத்தூரிலிருந்து ஒரு குடும்பம் நம்மிடம் வந்தது. அத்தாவுக்கு எண்டோஸ்கோபியில் இரைப்பைப் புண் தெரிந்திருக்கிறது. "சதையைக் கிள்ளினால் பரவிவிடும்" என்று பயந்து பயாப்சிக்கு மறுத்து, கேஸ் மாத்திரையிலேயே ஐந்து மாதம் ஓட்டிவிட்டார்கள். நம்மிடம் வந்தபோது நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. கீமோ ஊசிக்கு உதவினோம். ஆனால் மருத்துவர் எழுதிய ஒரு பரிசோதனைக்குப் பணம் கேட்டபோது, 'டெஸ்டுக்கு உதவியில்லை' என்ற பழைய விதியைச் சொல்லி அனுப்பிவிட்டோம். அது நம் தவறு.

எண்டோஸ்கோபி வழியே சிறு துணுக்குகள் எடுப்பதால் இரைப்பைப் புற்றுநோய் பரவுவதில்லை. எடுக்காமல் தள்ளிப்போடும் நாட்களில்தான் பரவுகிறது. அந்தத் துணுக்கில் நோயின் பெயரோடு அதன் குணமும் தெரியும். நம் செல்களை ஒன்றோடொன்று பசைபோல் ஒட்டிவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் குறைந்தால், புற்றுசெல்கள் எளிதில் பிரிந்து பரவும். சில குடும்பங்களில் இந்தக் குறை பரம்பரையாக வருவதை 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் கண்டறிந்தார்கள்.

இன்னொன்று ஹெர்-2. இரைப்பைப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தாறு பேரில் ஒருவருக்கு இது மிகுந்திருக்கும். பரவிய நிலையில் இருந்த அத்தகையோருக்குக் கீமோவோடு டிராஸ்டுசுமாப் மருந்தும் கொடுத்தபோது, ஆயுள் சராசரியாக 11 மாதத்திலிருந்து ஏறக்குறைய 14 மாதமானது என்று 2010-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. மூன்று மாதம்தானே என்று தோன்றலாம். மகளின் நிக்காஹுக்குக் காத்திருக்கும் தகப்பனுக்கு அது சிறியதல்ல. நாம் பணம் மறுத்தது இந்தப் பரிசோதனைக்குத்தான்.

இவை ஜாதகம் அல்ல. நோய் எதுவரை போயிருக்கிறது என்பதை ஸ்கேனும் அறுவையில் எடுக்கும் நெறிக்கட்டிகளும்தான் சொல்லும். சிஇஏ போன்ற இரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து 'புற்றுநோய் இல்லை' என்று நிம்மதியடையவும் கூடாது. ஆயுளை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லப்பட்டவர்கள் நாம்.

ஆகவே நிர்வாகக் குழு விதியை மாற்றியிருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பயாப்சிக்கும் இத்தகைய பரிசோதனைகளுக்கும் இனி மருத்துவ நிதியிலிருந்து உதவுவோம். முதலில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்குமா என்று மருத்துவமனையிலேயே கேட்டுவிடுங்கள். பயாப்சித் துணுக்கை மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். வேறு மருத்துவமனைக்கு மாறினால் அதையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறிது உண்டதும் வயிறு நிறைவது, காரணமின்றி இளைப்பது, மலம் கறுப்பாகப் போவது இவற்றைக் கண்டால் கேஸ் என்று விட்டுவிடாதீர்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.