விரதமும் மருந்தும்

(திருக்கோயில் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கள்ளக்குறிச்சி நகரில் கருணாபுரம் என்று ஒரு பகுதி உண்டு. கருணை என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கியது. மூட்டை தூக்குவோரும் கட்டட வேலை செய்வோரும் அன்றாடக் கூலிக்குச் செல்வோரும் நிறைந்து வாழும் இடம். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை அந்தப் பெயரை வெளியூரில் அறிந்தவர் மிகச் சிலர். அம்மாதம் 18ஆம் நாளுக்குப் பிறகு அதனை அறியாதவர் தமிழ்நாட்டில் இலர். மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி, அங்கும் அண்டைப் பகுதிகளிலும் 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். பலருடைய உடல்கள் கோமுகி ஆற்றங்கரையில் ஒருங்கே எரியூட்டப்பட்டன. தாய் தந்தை இருவரையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு.

மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சுவதும், காவலர் சென்று ஊறலை அழிப்பதும் நெடுங்காலக் கதை. ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்தது மலையில் வெல்லமும் பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சிய சரக்கு அன்று. ஆலைகளில் பயன்படும் வேதிப்பொருளே பொட்டலத்தில் அடைக்கப்பட்டு விலையானது. மெத்தனால் நாவுக்கும் மூக்குக்கும் ஏறத்தாழ மதுவைப் போலவே தோன்றும். அருந்திய சில மணி நேரத்திற்கு வழக்கமான மயக்கமே இருக்கும். பின்னர் கல்லீரல் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் தாக்குவது கண் நரம்பை. வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல், கண் முன் பனி மூடியது போன்ற மங்கல் ஆகியவை தோன்றுவதற்குள் அரை நாளோ ஒரு நாளோ கழிந்துவிடும். கருணாபுரத்தில் முதலில் இறந்தவரின் துக்கத்திற்கு வந்தோரும் அதே சரக்கை அருந்தினர் என்று செய்திகள் வந்தன. கொலை செய்த பொருளே இழவு வீட்டில் ஆறுதலாகப் பரிமாறப்பட்டதை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது.

கண் மங்குகிறது என்று குடித்தவர் ஒருவர் சொன்னால், மோர் கொடுத்துப் படுக்க வைக்காமல் அந்நொடியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஃபோமெபிசோல் என்னும் ஊசி மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிரும் பார்வையும் பிழைக்க வழி உண்டு. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் அந்நாள்களில் பிழைத்தவர் பலர்.

அரசு சட்டத்தைக் கடுமையாக்கியது. உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்கியது. விற்றவர்கள் மீதான வழக்கை 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அவையெல்லாம் அரசும் நீதிமன்றமும் காணும் பொருள். திருக்கோயில் மண்டபத்தில் எண்ண வேண்டியது வேறொன்று. அன்று குடிக்காததால் மட்டும் பிழைத்தவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சாவைக் கண்டும் மறுமாதம் கை மதுவை நாடுகிறதே, அது ஏன்?

‘திமிர்’ என்பர் சிலர். ‘தலையெழுத்து’ என்பர் சிலர். இரண்டும் பொருந்தா. ஆண்டுக்கணக்கில் அன்றாடம் மதுவை ஏற்ற மூளை அதற்கேற்பத் தன் இயக்கத்தையே மாற்றிக்கொள்கிறது. குடி அதன்பின் இன்பத்திற்காக அன்று. நடுக்கம் நிற்பதற்காக, உறக்கம் வருவதற்காக, காலையில் எழுந்து வேலைக்குப் போவதற்காக. ஆகவேதான் மருத்துவ உலகம் இதனைக் குடிநோய் என்கிறது. நோய் என்று சொல்வது குடித்தவன் செய்த தீமைகளை மன்னித்துவிடுவது ஆகாது. அடித்த கை அடித்த கைதான். அடகு வைத்த தாலி அடகு வைத்த தாலிதான். ஆயினும் நோய் என்று அறிந்தால்தான் மருந்து தேடுவோம்.

கோயில்களில் குடியை விட வேண்டி எத்தனையோ பேர் சத்தியம் செய்கின்றனர். சூடத்தின் மேல் அடித்தும், கையில் கயிறு கட்டியும், மாலை அணிந்தும் உறுதி ஏற்கின்றனர். 41 நாளோ, 48 நாள் கொண்ட ஒரு மண்டலமோ, துளியும் தொடாமல் இருக்கின்றனர். அதிகாலை நீராடி, பிறரைச் ‘சாமி’ என்று அழைத்து, தாமும் ‘சாமி’ என்று அழைக்கப்பட்டு வாழும் அந்த நாள்களில் வீடே மலர்கிறது. மனைவியும் மக்களும் ‘மாலையைக் கழற்றாமலே இருக்கலாகாதா?’ என்று ஏங்குவதை அறியாதவர் யார்? மலையிலிருந்து திரும்பி, மாலை கழன்ற இரவே பழைய நண்பர் வந்து வாசலில் நிற்பார். இதனைக் கண்டு விரதம் பொய்த்தது என்று நகைப்பது முறையன்று. விடுவதற்கு ஆற்றல் உண்டு என்பதை விரதம் மெய்ப்பித்துவிட்டது. விட்டபின் விட்டபடியே இருப்பதற்குத்தான் துணை வேண்டும். அத்துணையைக் குறித்தே இன்றைய உரை.

முதலில் ஓர் எச்சரிக்கை. நெடுநாள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். சிலருக்கு முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரும். மூன்றாம் நாளையொட்டி இல்லாத உருவங்கள் தோன்றி, யாரோ கொல்ல வருவதாக அலறுவார்கள். ‘சத்தியத்தை மீறியதால் சாமி தண்டிக்கிறது’ என்றும், ‘பேய் பிடித்தது’ என்றும் எண்ணி, மந்திரிக்க அழைத்துச் செல்வோர் உளர். அது பேயும் அன்று, தெய்வக் குற்றமும் அன்று. மது நின்றதால் மூளை கொந்தளிக்கும் நிலை. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் சில நாள் தங்கினால் உரிய மருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்து ஊசியும் கொடுத்து இதனைக் கடக்கச் செய்துவிடுவர். கயிறு கட்டும் முன் மருத்துவரைக் கண்டு, அதன்பின் தெய்வத்தின் முன் வந்து நிற்பது நல்லது. மருத்துவரிடம் போவதால் வேண்டுதலின் பெருமை குறைந்துவிடாது.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். கள்ளுண்டவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வதை, நீருள் மூழ்கியவனை விளக்குக் கொண்டு தேடுவதற்கு அவர் ஒப்பிட்டார். இந்த ஒப்புமை எவ்வளவு நுட்பமானது என்பதை இன்றைய சிகிச்சை முறையைப் பார்த்தால் உணரலாம். மீட்பு மையத்தில் முதல் சில நாள்கள் எவரும் அறிவுரை சொல்வதில்லை. உடலை நீருக்கு மேல் கொணரும் வேலையே நடக்கிறது. தெளிந்தபின்தான் பேச்சு. வீடுகளிலோ இரவு பத்து மணிக்குத் தள்ளாடி வந்தவரிடம்தான் எல்லா நியாயமும் கேட்கப்படுகிறது. மறுநாள் காலையில் அவர் தெளிந்து தலை குனிந்து அமர்ந்திருக்கையில் எல்லோரும் வாய் மூடிக்கொள்கின்றனர்.

இத்தகைய முறையான சிகிச்சையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தவர் ஒரு பெண்மணி. திருமதி சாந்தி ரங்கநாதன் இளம் வயதிலேயே கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். செல்வத்திற்கும் செல்வாக்கிற்கும் குறைவில்லாத குடும்பம். அவை எவையும் அவரைக் காக்கவில்லை. அக்காலத்தில் இதற்கென்று மருத்துவமனை தேடினாலும் கிடைப்பது அரிது. துயரத்தோடு வீட்டுக்குள் அடங்கிவிடாமல், 1980இல் கணவர் பெயரால் சென்னையில் ஓர் ஆய்வு மற்றும் சிகிச்சை நிறுவனத்தை அவர் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிவது அதுவே. 1992இல் பத்மஸ்ரீ விருதும், 1999இல் ஐக்கிய நாடுகள் சபை சார்ந்த வியன்னா விருதும் அவரைத் தேடி வந்தன.

விருதுகளைவிடப் போற்றத்தக்கது 1989இல் தொடங்கிய மஞ்சக்குடி முகாம். திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர் அது. கூலி வேலை செய்பவன் சென்னைக்குச் சென்று ஒரு மாதம் தங்க முடியுமா? எனவே மருத்துவமனையே கிராமத்திற்குச் சென்றது. ஊரார் இடமும் உணவும் தந்தனர். வெளியூர் மருத்துவக் குழு அங்கேயே தங்கி ஏறத்தாழ 15 நாள் சிகிச்சை அளித்தது. ஊரறிய ஒருவன் சிகிச்சை பெற்றால், ஊரே அவனுக்குக் காவலாகிறது. முகாம் முடிந்தபின், ‘எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்கும் முறைமையும் ஊருக்கு வந்துவிடுகிறது. ஒளிந்து குடித்தவன் ஊர் நடுவே குணமடைந்தான். திருவிழாவிற்கு வரி வசூலித்துப் பந்தல் போடும் ஊர்கள், ஆண்டுக்கொரு முறை இப்படியும் ஒரு பந்தல் போடலாம்.

அன்பர்களே! கருணாபுரம் உள்ள அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் திருக்கோவலூர் இருக்கிறது. உலகளந்த பெருமாள் எழுந்தருளியுள்ள திருத்தலம். முதலாழ்வார் மூவரும் ஒருவரையொருவர் அறியாதவராய் அங்கு வந்த வரலாற்றைக் கேட்டிருப்பீர்கள். கடும் மழை, காரிருள். பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து இடம் கொடுத்தார். பேயாழ்வாரும் வந்தார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றனர். அந்த நெருக்கத்திலேயே நான்காமவராக ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்தனர். அவர் யாரென்று காண ஏற்றிய விளக்கே திருவந்தாதிகளாயின.

குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் கூட்டங்களை இவ்விடைகழியோடு ஒப்பிட்டால் தவறாகாது. 1935இல் அமெரிக்க நாட்டின் அக்ரான் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணை நின்று தெளிந்தனர். அதிலிருந்து வளர்ந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் அதன் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிப்பதில்லை என்பதே அங்கு ஏற்கும் விரதம். நாளைக்குரியதை நாளை ஏற்கலாம். புதியவர் வந்தால் முன்பே அமர்ந்திருப்பவர் சற்று நகர்ந்து இடம் தருகிறார். தம்மினும் மேலான ஓர் ஆற்றலிடம் தம்மை ஒப்படைத்தலும் அவர்கள் வழியில் ஒரு படி. அந்த ஆற்றல் யாரென்பதை அவரவர் நெஞ்சுக்கே விட்டுவிடுகின்றனர்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்’ என்று சுவரெழுத்தும் விளம்பரமும் காண்கிறீர்கள். அத்தகைய பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று எவர் அறிவார்? மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் என்னும் மாத்திரை ஒன்று உண்டு. அதனை உண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரியும், உயிரும் போகலாம். ஆகையால் அது நோயாளி அறிந்து, இசைந்து, மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டிய மருந்து. சாம்பாரில் கலப்பதற்கு உரியது அன்று. தாலிக்காக நோன்பிருக்கும் கையாலேயே அந்த ஆபத்து நேரக்கூடாது.

மீண்டவர் மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று கைவிடுதலும் வேண்டா. சர்க்கரை நோயாளிக்கு அளவு ஏறினால் மீண்டும் மருத்துவரிடம் செல்வதில்லையா? இதுவும் அத்தகைய நெடுநோய். வழுக்கிய இடம் எது என்று பார்க்க வேண்டும். சம்பள நாளா, திருமண வீடா, தனிமையா, உடல் வலியா? மூட்டை சுமப்பவரின் முதுகு வலிக்கு மருந்து தராமல் குடிக்காதே என்று மட்டும் சொல்வது பாதி உதவியே.

இழவு வீட்டு வழக்கத்தையும் சிந்திக்க வேண்டும். பறையடிப்பவருக்கும் குழி வெட்டுபவருக்கும் கூலியின் ஒரு பகுதியாகச் சாராயம் கொடுப்பது பல ஊர்களில் மரபுபோல் ஆகிவிட்டது. கூலியை முழுமையாகப் பணமாகவே கொடுத்து, வந்தவர்க்கெல்லாம் தேநீரும் உணவும் வழங்க ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தால் போதும். சட்டம் எதுவும் தேவையில்லை. காவல் தெய்வத்தின் படையலில் வைப்பதைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. படையலில் அரிவாளும்தான் வைக்கிறோம். அதை எடுத்து யாரும் விழுங்குவதில்லை.

கல்வராயன் மலைக்கு அப்பால் உள்ள சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் முதல் நாள், முதலமைச்சராக இருந்த இராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தினார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே ஓர் இதழ் நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் துணை நின்றார். அவ்விதழின் பெயர் ‘விமோசனம்’.

சிகிச்சை வேண்டுவோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்னும் பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மன நல ஆலோசனைக்கு 14416. குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் மட்டும் அழைத்து வழி கேட்கலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அவர் எவ்வளவு காலமாக, எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உடன் ஒருவர் செல்லுங்கள். முதல் மூன்று இரவுகளாவது அருகிலேயே இருங்கள்.