சொல்லாத் துயரும் துணைவர் கூட்டமும்

(நமது சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் மேடையேறினால் இலக்கிய நயம் சொல்வான், அன்றேல் இலக்கணம் சொல்வான் என்று எண்ணி நீங்கள் வந்திருத்தல் கூடும். யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவ்விரண்டும் அன்று. கைப்பேசி வாயிலாக வரும் ஆபாசப் படங்களைக் காணும் பழக்கம் சிலர்க்குத் தம்மால் அடக்கலாகாத் துன்பமாய் முற்றுவது எவ்வாறு என்பதும், அதனின்று மீள விழைவார் ஒருவர்க்கொருவர் துணையாகக் கூடும் கூட்டங்களால் விளையும் நன்மையும் தீமையும் யாவை என்பதுமே இன்றைய பொருள். பெண்டிரும் முதியோரும் அமர்ந்துள்ள அவையில் இதனைப் பேசலாகுமோ எனக் காரியதரிசி அவர்கள் முதலில் தயங்கினார்கள். யானும் தயங்கினேன். ஆயினும், இதனைப் பேசாமையால் விளைந்த கேடு ஒன்றை யான் கண்ணாரக் கண்டேன். அதனுள் என் பங்கும் உண்டு. ஆகலின், அதனை முதற்கண் சொல்லிவிடுதலே முறை.

2017-ஆம் ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் என்பால் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், பாடம் நடந்துகொண்டிருக்கையில் மேசைக்குக் கீழே கைப்பேசியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதனைப் பறித்தேன், திரையைக் கண்டேன், சினங்கொண்டேன். தனியே அழைத்துக் கேட்டிருத்தல் வேண்டும். யானோ நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் அவனை எழுப்பி நிறுத்தி, அவன் செய்ததை எல்லாரும் உணருமாறு இடித்துரைத்தேன். மறுநாள் அவன் தந்தையார் வரவழைக்கப்பட்டார். தலைமையாசிரியர் அறையிலேயே மகனை அடித்தார். அதன்பின் அவன் எங்கள் பள்ளிக்கு வரவில்லை. வேற்றூரில் உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பதாகக் கேள்வியுற்றேன். ஒழுக்கம் காத்தேன் என்னும் பெருமிதத்தோடு யான் அதனை மறந்தும்விட்டேன்.

சென்ற ஆண்டு அவன் என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். அவன் உரைத்தவற்றை, அவன் இசைவு பெற்று, இடையிடையே கூறுவேன்.

நிற்க. இஃது எத்தகைய துன்பம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் வெளியிடும் நோய்ப் பகுப்பு நூலின் பதினொன்றாம் பதிப்பு 2019-ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்று, 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்கண் 'கட்டுக்கடங்காப் பாலியல் நடத்தைக் கோளாறு' என்பதொன்று சேர்க்கப்பட்டுள்ளது. ஆறு திங்களோ அதனினும் மிகுதியாகவோ ஒருவன் தன் வேட்கையை அடக்க முயன்று முயன்று தோற்பானாயின், அதனால் உடல்நலத்தையும் தொழிலையும் குடும்பக் கடமையையும் கைவிடுவானாயின், இன்பம் குன்றிய பின்னரும் அதனை விடமாட்டாது உழல்வானாயின், அது மருத்துவம் வேண்டும் நிலை என்று அந்நூல் கூறுகின்றது. இதனைக் கள், கஞ்சா போன்ற அடிமைப் பழக்கங்களோடு வைக்காது, உந்துணர்ச்சியை அடக்கமாட்டாமை என்னும் வகையில் வைத்துள்ளனர். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தார் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதனையொத்த கோளாற்றைச் சேர்த்திலர். அறிஞரிடையே வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

அந்நூலில் மற்றொரு குறிப்பும் உண்டு. இது தவறு என்னும் ஒழுக்கக் கருத்து ஒன்றினாலேயே எழும் மனவருத்தம், அதுமட்டில், இக்கோளாறு ஆகாது என்பதே அது. அமெரிக்க உளநூலார் சோசுவா கிரப்சு என்பாரும் அவர் கூட்டாளரும் 2019-ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரை இதனை விளக்குகின்றது. தம்மை 'அடிமை' எனக் கருதி வருந்துவாருட் பலர்க்கு, பார்க்கும் அளவினும், தாம் கொண்ட கொள்கைக்கும் செய்யும் செயலுக்கும் உள்ள முரணே மிக்க வேதனை தருகின்றது என்பது அவர்கள் கருத்து. இதனால் அப்பழக்கம் நன்றென்பது கருத்தன்று. எப்பொழுதோ ஒருகால் பார்த்துவிட்டு 'யான் அழிந்தேன்' என்று அழுபவனுக்கும், இரவெல்லாம் விழித்து வேலையை இழந்தவனுக்கும் மருந்து ஒன்றன்று என்பதே கருத்து.

இனி, இப்பழக்கம் ஒருவனைப் பற்றும் வகை யாது? 2016-ஆம் ஆண்டிற்குப் பின் நம் நாட்டில் இணையக் கட்டணம் மிகத் தாழ்ந்தது. முன்னர்ப் பணமும் துணிவும் வேண்டியிருந்த ஒன்று, போர்வைக்குள்ளேயே கிடைப்பதாயிற்று. அரசினர் 2015-இல் 857 தளங்களையும், 2018-இல் நீதிமன்ற ஆணைப்படி 827 தளங்களையும் தடுக்குமாறு ஆணையிட்டனர். ஆயினும் ஒரு வாயிலை அடைத்தால் ஒன்பது வாயில் திறக்கும் இயல்பினது இணையம். எளிதிற் கிடைத்தல் ஒன்றே காரணமும் அன்று. ஏனெனில், கிடைக்கப்பெற்ற யாவரும் அதனுள் அமிழ்ந்துவிடுவதில்லை. அம்மாணவன் கூறினான்: "ஐயா, எனக்கு ஆசை மிகுந்தபோது அதைப் பார்த்தேன் என்று நினைத்தீர்கள். பயம் மிகுந்தபோதுதான் பார்த்தேன். வேற்றூரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. தேர்வு நெருங்கினால் பார்ப்பேன். தூக்கம் வராவிட்டால் பார்ப்பேன். பார்த்தேனே என்ற வருத்தம் தாங்காமல் மீண்டும் பார்ப்பேன்." இந்த மூன்றாவது சொல்லே நோயின் வேர். துன்பத்தை மறக்கச் செய்த செயலே துன்பமாகி, அத்துன்பத்தை மறக்கவும் அச்செயலே வேண்டியதாகின்றது.

மனவுறுதி கொண்டு நினையாதிருத்தல் ஆகாதோ எனின், மருந்துண்ணும்போது குரங்கை நினையாதே என்ற வைத்தியர் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அமெரிக்க உளநூலார் டேனியல் வெக்னர் 1987-ஆம் ஆண்டில் இதனையே சோதித்து வெளியிட்டார். ஐந்து நிமிடம் வெண்கரடியை நினையாதிருமின் என்று மாணாக்கரைப் பணித்தார். நினைவு வருந்தோறும் மணியடிக்கச் செய்தார். மணி மீண்டும் மீண்டும் ஒலித்தது. நினைவை அடித்து விரட்டுதல் அதனை அழைத்தலே போலும்!

இத்துயரோடு அச்சமும் சேர்கின்றது. சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகர மருத்துவர் திசோ என்பார், சுய இன்பம் உடலையும் அறிவையும் கெடுக்கும் என்று 1760-ஆம் ஆண்டில் நூல் ஒன்று எழுதினார். அவ்வச்சம் ஐரோப்பாவை நூறாண்டிற்கு மேல் ஆட்டிவைத்தது. நம் நாட்டிலோ, தாது போயிற்று, உயிர் போயிற்று என்னும் கலக்கம் பண்டே உண்டு. மருத்துவர் என். என். விக் அவர்கள் 1960-ஆம் ஆண்டில் இதற்குத் 'தாது நோய்க்குறி' எனப் பெயரிட்டார். வலுவிழப்பைக் காட்டிலும் அதுபற்றிய கவலையே அவர்களை வருத்துவது. விந்து கழிதல் நோயன்று. அதனால் உடல் உருகுவதும் இல்லை. இதனை அறியாத பிள்ளைகளைத் தங்கும் விடுதிகளில் அறை எடுத்து அமரும் போலி வைத்தியர்கள் கொள்ளையிடுகின்றனர். அம்மாணவனும் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணத்தில் இலேகியம் வாங்கித் தின்றான்.

அவன் ஏன் தன் தந்தையிடமோ, மாமனிடமோ, நம் போன்ற சங்கத்துப் பெரியவரிடமோ சொல்லவில்லை? இவ்வினாவை அவனிடமே கேட்டேன். அவன் சிரித்தான். "சொன்னால் பத்து வீட்டுக்குத் தெரியும், ஐயா. நாளை எனக்குப் பெண் பார்க்கும்போது அதுதான் முதலில் வந்து நிற்கும். என் தங்கைக்கும் வரன் தட்டும்" என்றான். அன்பர்களே, ஒருவரை ஒருவர் அறிந்திருத்தலே நம்மனோர் கூட்டத்தின் வலிமை என்று நாம் மகிழ்கின்றோம். அவ்வறிமுகமே அவன் வாயை அடைத்தது. ஆகவே, தன்னை அறியாதவரைத் தேடி அவன் சென்றான்.

அறியாதார் கூடி ஒருவர்க்கொருவர் உதவுதல் புதியதன்று. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் சென்ற பில் வில்சன் என்பார், சென்ற காரியம் கெட்டுப்போக, மீண்டும் குடிக்கத் தோன்றும் நிலையில், தம்மையொத்த குடியர் ஒருவரோடு பேசினாலன்றித் தப்ப வழியில்லை என உணர்ந்து தேடினார். பாப் ஸ்மித் என்னும் மருத்துவரைக் கண்டார். அச்சந்திப்பிலிருந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் பெயர்கூறாக் குடியர் கூட்டம் பிறந்தது. பிறர்க்கு உதவப் புகுந்தவன் தானும் உய்ந்தான் என்பதே அதன் அடிப்படை. அம்முறையைத் தழுவிப் பாலியற் பழக்கத்தால் வருந்துவார்க்கென 1970-களில் அந்நாட்டிலேயே சில கூட்டங்கள் தோன்றின. பின்னர், 2011-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ரோட்ஸ் என்பார் 'ரெட்டிட்' என்னும் இணையத்தளத்தில் 'நோஃபேப்' என்னும் குழுவைத் தொடங்கினார். பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதிற் சேர்ந்தனர்.

அத்தகைய குழு ஒன்றில் அம்மாணவன் சேர்ந்தான். முதல் இரவில் அவன் பெற்ற பேறு யாது? 'யான் ஒருவனே இத்தகையன்' என்னும் எண்ணம் ஒழிந்தது. பெயரும் ஊரும் கூறாது உண்மையைச் சொல்ல இடம் கிடைத்தது. நள்ளிரவில் மனம் தடுமாறுங்கால், உலகின் வேறொரு மூலையில் விழித்திருக்கும் ஒருவன் மறுமொழி தந்தான். இந்நன்மையை இகழ்தல் தகாது. நாம் தரத் தவறியதை அயலார் தந்தனர்.

ஆயினும், தீமையும் கூறுவேன். அக்குழுவில் நாட்கணக்கே பெருமை. தொண்ணூறு நாள் விலகியிருந்தால் மூளை புதிதாகும் என்பர். அத்தொண்ணூறு என்னும் கணக்கிற்கு உறுதியான சான்று இல்லை. அவன் நாற்பத்தொரு நாள் நின்றான்; நாற்பத்திரண்டாம் நாள் வழுவினான். கணக்கு மீண்டும் சுழியமாயிற்று. 'இனி எல்லாம் போயிற்று' என்று மூன்று நாள் அறையை விட்டு வெளிவராது கிடந்தான். ஒருமுறை வழுவியவன், வழுவினேனே என்னும் குற்றவுணர்ச்சியாலேயே முழுதும் வீழ்வான் என்பதனை ஆலன் மார்லட் என்னும் உளநூலார் 1980-களிலேயே விளக்கியுள்ளார். இஃதன்றியும், விலகியிருந்தால் வியத்தகு ஆற்றல் வரும் என்று பிதற்றுவாரும், தம் வீழ்ச்சிக்குப் பெண்களைப் பழிப்பாரும், பயிற்சி என்று பணம் பறிப்பாரும் இத்தகைய குழுக்களிற் காணப்படுகின்றனர். மருத்துவரிடம் செல்லவேண்டிய மனச்சோர்வுடையாரையும் 'நாளை எண்ணு' என்று நிறுத்திவைத்தல் பெருங்கேடு.

ஆகவே, நல்ல குழுவைத் தேர்தல் எவ்வாறு? வழுவியவனை இகழாது வரவேற்பது நல்ல குழு. எத்தனை நாள் என்று கேளாது, எதனால் தடுமாறினாய் என்று கேட்பது நல்ல குழு. வீட்டாரிடமிருந்தும் மருத்துவரிடமிருந்தும் பிரிக்காது, அவர்பால் அனுப்புவது நல்ல குழு. அம்மாணவனுக்கு அங்கே ஒரு முதியவர் வாய்த்தார். "தம்பி, நாட்கணக்கை விடு, எத்தனை மணிக்கு உறங்குகிறாய்? யாரோடு உண்கிறாய்?" என்று அவர் எழுதிக் கேட்டாராம். அவ்விரு வினாக்களே அவனை மனநல மருத்துவரிடம் கொண்டு சேர்த்தன. எண்ணத்தோடு மற்போர் புரியாது, அதனை வந்துபோக விட்டு, தான் மதிக்கும் செயலில் ஊன்றி நிற்கப் பயிற்றும் முறை ஒன்று இன்று வழங்குகின்றது. 28 ஆடவர்க்கு 12 அமர்வுகளில் அம்முறையைப் பயிற்றிய ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. அவர்தம் பழக்கம் பெரிதும் குறைந்ததாக அது காட்டிற்று. ஆய்வு சிறிதே, எனினும் நம்பிக்கை தருவது. நம் அருகிலும் உதவி உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இணையப் பழக்கங்களுக்கென 2014 முதல் தனி மருத்துவப் பிரிவு நடக்கின்றது. 2022-இல் அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

முடிவாக நம் வீடுகளுக்குச் சில சொற்கள். பெற்றோர்களே, பிள்ளையிடம் கண்டால் அன்றே அடிக்காதீர், மறுநாள் தனியே அமர்ந்து, "எதனால் உறக்கம் கெட்டது?" என்று வினவுங்கள். அப்படங்கள் கூலிக்கு நடிக்கப்படுவன என்றும், சில வற்புறுத்தி எடுக்கப்படுவன என்றும், உண்மை இல்லறம் அவற்றைப் போன்றதன்று என்றும் அமைதியாகச் சொல்லுங்கள். இரவில் கைப்பேசிகள் யாவும், தந்தையினுடையது உட்பட, கூடத்தில் கிடக்கட்டும். கணவன்பால் இதனைக் கண்டு நெஞ்சுடைந்த சகோதரிகளே, அது உங்கள் குறையால் விளைந்ததன்று. உங்கள் வருத்தமும் கேட்கப்படவேண்டிய வருத்தமே. அவர் மீள்வதற்காக நீங்கள் ஊமையாதல் வேண்டா. இளைஞர்களே, பெண்டிர்க்கும் இத்துயர் உண்டு; எவரையும் ஏளனம் செய்யாதீர்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். உதவித்தொகை வழங்குகின்றோம், வரன் பதிவேடு வைத்துள்ளோம். கேட்டதை வெளியே சொல்லாத இருவரை, ஒரு மருத்துவரின் துணையோடு, நம் பிள்ளைகள் வந்து பேசுதற்கென அமர்த்துவோமாயின் எத்துணை நன்று! பதிவேடு ஒன்றும் அதற்கு வேண்டா.

அம்மாணவன் விடைபெறுங்கால், "முழுதும் விட்டுவிட்டாயா?" என்று கேட்டேன். "இல்லை, ஐயா, எப்பொழுதாவது தவறுகிறேன். ஆனால் மறுநாள் வேலைக்குப் போகிறேன்" என்றான். யான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நாற்பது பேர் முன்னிலையிற் செய்த பிழைக்கு, ஒருவன் முன்னிலையில் மட்டும் மன்னிப்புக் கேட்டல் போதாது என்று தோன்றிற்று. ஆதலின், இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் கேட்டுக்கொண்டேன்.