ஆட்டத்திற்கு முன் அங்கப்பயிற்சி
(நமது சங்கத்து இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்துச் சிறுவர் சிறுமியர் பந்தாட்டத்திற் பரிசு பெற்று வருங்கால் மாலையிட்டு மகிழ்கின்றோம். அவருள் ஒருவர் முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்து வீட்டிற் கிடக்குங்கால், விதியென்று சொல்லி வாளாவிருக்கின்றோம். அது முற்றும் விதியன்று என்பதே இன்று நாம் கூற வந்தது.

உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய பிபாவின் வைத்தியப் பிரிவினர் பிற நிபுணருடன் கூடி, ‘பதினொன்று பிளஸ்’ என்னும் ஆயத்தப் பயிற்சி முறையை வகுத்தனர். அதில் 15 பயிற்சிகள் உள; 20 நிமிஷத்தில் முடிவன. 2007ஆம் ஆண்டு நார்வே தேசத்தில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 சிறுமியரிடம் இதனைச் சோதித்தனர். பயிற்சி செய்த கூட்டத்தாருக்கு மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாயின. அவர்களுள்ளும் அடிக்கடி செய்தோருக்கே காயம் மிகக் குறைவு.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் போதுமோ? நம் மைதானத்தில் நடப்பதை உற்று நோக்குவோம். குதித்து இறங்குங்கால் முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றன. பாதங்கள் தொப்பென்று விழுகின்றன. முழங்கையூன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துகையில் இடுப்பு தொய்கின்றது. மண்டியிட்டு மெல்ல மெல்ல முன்சாயவேண்டிய பயிற்சியிலோ, ஒரே வீழ்ச்சியாய் வீழ்கின்றனர். ‘பத்து முடிந்தது’ என்று எண்ணுவோர் உளர். ‘சரியாய் முடிந்ததா’ என்று கேட்போர் இலர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ?

முழங்கால் பாதவிரல்களுக்கு நேராக நிற்றல் வேண்டும். இடுப்பும் முழங்காலும் மடங்க, ஓசையின்றி இறங்குதல் வேண்டும். பிழையான அசைவையே நாடோறும் பழகின், அதுவே ஆட்டத்திலும் தலைகாட்டும். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்மக்களைவிடப் பெண்மக்களுக்கு முழங்கால் நார் அறுதல் மிகுதியாதலின், அவர்கள் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை.

ஆகவே சங்கத்தாருக்கு நம் விண்ணப்பம் இதுவே. கோப்பைக்குத் திரட்டும் நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, முறையறிந்த ஒருவரைக் கொண்டு நம் வாலிபர் சிலருக்குப் பயிற்றுவியுங்கள். அவர்கள் இளையோரின் எதிரே நின்று, எண்ணுவதோடு அமையாது திருத்தவும் வேண்டும். சிறுவர் இருவர் இருவராய் நின்று, ஒருவர் பிழையை ஒருவர் சொல்லட்டும். கோப்பை இவ்வாண்டு தவறின் அடுத்த ஆண்டு வரும். கெட்ட முழங்கால் பழைய நிலைக்கு வருமென்று யார் உறுதி கூற வல்லார்?