விமானத்தில் அக்கம்பக்கம்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பேசும் தலைப்பை விழாக் குழுவினர் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். விமானப் பயணிகள் ஒருவரிடம் ஒருவர் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். செயலாளர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. ஆனால் 'இதில் பேச என்ன இருக்கிறது?' என்று அவர் முகம் கேட்டது. இந்த மண்டபத்தில் விமானம் ஏறாதவர்கள் மிகச் சிலரே. பேரனுக்குக் காதுகுத்து, அண்ணன் மகள் திருமணம், குலதெய்வ வழிபாடு, வைத்தியம் என்று ஏதாவது ஒரு காரணத்தால் சென்னைக்கோ திருச்சிக்கோ போய் வருகிறோம். ஏறக்குறைய நான்கு மணி நேரம் முன்பின் அறியாத ஒருவரோடு தோளும் தோளும் உரச உட்கார்ந்திருக்கிறோம். பேச நிறையவே இருக்கிறது.

நம் பெரியவர்கள் கப்பலில் வந்தவர்கள். 'ரஜுலா' என்ற பெயரைச் சொன்னாலே இன்றும் சில வீடுகளில் கதை தொடங்கிவிடும். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடியது. மேல்தளப் பயணிகளுக்கு அறையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. பாய் விரித்த இடம்தான் சொந்த இடம். "இங்கே விரித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாயைப் பிரிப்பார்களாம், என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலும் வாந்தியும் நெரிசலும் பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் எல்லைக்கோடு இல்லாத இடம் ஆகையால், கேட்டே ஆகவேண்டியிருந்தது.

விமானத்தில் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட இருக்கை. எண் இருப்பதால் எல்லாம் தீர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். அந்த எண் நாற்காலியை மட்டும்தான் குறிக்கிறது. இரண்டு நாற்காலிக்கு நடுவே இருக்கும் கைப்பிடி யாருடையது? முன் இருக்கை சாயும்போது மறைகிறதே ஓர் இடைவெளி, அது யாருடையது? "பொத்தான் என் நாற்காலியில் இருக்கிறது" என்கிறார் முன்னால் இருப்பவர். "முழங்கால் என்னுடையது" என்கிறார் பின்னால் இருப்பவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் தொல்லையே.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1966-ல் வெளியிட்ட நூலில், மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டு நிற்கும் தூரத்தை அளந்து சொன்னார். உடம்பிலிருந்து சுமார் 18 அங்குலம் வரை நெருங்கிய உறவினருக்கு மட்டுமே உரிய வட்டம் என்பது அவர் கணக்கு. சிக்கன வகுப்பு நாற்காலியின் அகலமே 17, 18 அங்குலம்தான்! தாயும் பிள்ளையும் இருக்க வேண்டிய நெருக்கத்தில் அந்நியர் இருவரை அமர்த்திவிட்டு, சாப்பாட்டுத் தட்டையும் கையில் கொடுக்கிறார்கள்.

அந்த இடமும் வரவரச் சுருங்குகிறது. அமெரிக்காவில் பயணிகள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. வரிசைக்கு வரிசை முன்பு சராசரியாக 35 அங்குலம் இருந்தது 31 ஆகி, சில விமானங்களில் 28-க்கு வந்துவிட்டது என்ற முறையீடு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. குறைத்தவர்கள் நிறுவனத்தார், சண்டை போட்டுக்கொள்வது பயணிகள். மலிவுக் கட்டணத்தால் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் ஊரைப் பார்க்க முடிந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும், விற்றவர் ஒதுங்கிக்கொள்ள வாங்கிய இருவர் மோதிக்கொள்வது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

2014 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் நுவார்க்கிலிருந்து டென்வருக்குப் போன விமானத்தில் ஒருவர், முன் இருக்கை சாயாதபடி ஒரு பிளாஸ்டிக் கருவியை மாட்டிவிட்டார். முன்னால் இருந்த பெண்மணி தண்ணீரை எடுத்து அவர்மேல் ஊற்றினார். விமானத்தைச் சிகாகோவில் இறக்கி இருவரையும் வெளியேற்றினார்கள். இத்தனைக்கும் அவர்கள் இருந்தது கால் நீட்டக் கூடுதல் இடமுள்ள வரிசை!

அதே ஆண்டில் புக்கஃபஸ்கோ, ஸ்பிரிக்மன் என்ற சட்டப் பேராசிரியர்கள் இருவர், நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஆறு மணி நேரம் பறப்பதாக எண்ணிக்கொள்ளச் சொல்லிப் பலரிடம் கேட்டுப் பார்த்தார்கள். சாய்வதை விட்டுக்கொடுக்க முன்னால் இருப்பவர் கேட்ட தொகை சராசரி 41 டாலர். பின்னால் இருப்பவர் கொடுக்க முன்வந்ததோ 18 டாலர். பிறகு விதியை மாற்றி, பின்னால் இருப்பவர் சம்மதித்தால்தான் சாயலாம் என்றார்கள். இப்போது பின்னால் இருப்பவர் 39 டாலர் கேட்டார். முன்னால் இருப்பவர் 12 டாலருக்கு மேல் தர மனம் வரவில்லை. 'இது என்னுடையது' என்று நினைத்த மாத்திரத்தில் விலை ஏறிவிடுகிறது. பணத்துக்குப் பதிலாக ஒரு பானமோ தின்பண்டமோ வாங்கித் தருவதாகச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, முக்கால்வாசிப் பேருக்கு மேல் சாயாமல் இருக்கச் சம்மதித்தார்களாம்.

இதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து திரும்பும்போது நடு இருக்கை எனக்கு. ஜன்னலோரம் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விமானம் மேலே எழும்பியதும், அவருக்கு முன்னால் இருந்த இளைஞர் நாற்காலியை முழுவதும் சாய்த்துவிட்டார். அம்மையார் காலை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லட்டுமாம்மா?" என்றேன்.

"வேண்டாங்கய்யா. அந்தப் பிள்ளையும் காசு கொடுத்துத்தானே வந்திருக்கு."

கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து, "தம்பி, உங்களுக்குப் பின்னால் இருக்கும் அம்மாவுக்கு முழங்காலில் ஆப்பரேஷன் ஆகியிருக்கிறது. கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ள முடியுமா?" என்றேன். அவர் பதறிப்போனார். "தெரியாதுங்க ஐயா, மன்னிச்சுக்குங்க" என்று நாற்காலியை நேராக்கினார். முதல்நாள் இரவு முழுவதும் பேருந்தில் உட்கார்ந்தபடி வந்தவராம். அதைக் கேட்டதும் அம்மையார் விடவில்லை. "பாதியாவது சாய்ச்சுக்கப்பா, எனக்கு வலிச்சா சொல்றேன்" என்றார். "வேண்டாம் பாட்டி." "சாய்ச்சுக்கோன்னா!" கடைசியில் பாதிக்கும் குறைவான ஒரு சாய்வில் இருவரும் உடன்பட்டார்கள். நம்மவரில் பலர் ஒன்று இடித்துத் தள்ளுகிறார்கள், இல்லையென்றால் வாய் திறக்காமல் அனுபவித்துவிட்டு வீட்டுக்கு வந்து குறை சொல்கிறார்கள். தம்பி, அம்மா, ஐயா என்று அழைத்துக் கேட்க ஒரு மொழி இருந்தும் இப்படி.

மற்றவை சிறு விஷயங்கள். நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு இரண்டு கைப்பிடியும் என்பது அடிக்கடி பயணம் செய்வோர் பலர் ஒப்புக்கொள்ளும் வழக்கம். ஜன்னலோரத்தாருக்குச் சாய்ந்துகொள்ளச் சுவரும், நடைவழிக்காரருக்குக் கால் நீட்டச் சிறிது இடமும் இருக்கின்றன. சாப்பாடு வந்தால் நாற்காலி நிமிர வேண்டும். எழுந்திருக்கும்போது முன் இருக்கையைப் பிடித்து உலுக்கினால் தூங்குகிறவர் தூக்கிவாரிப்போட்டு விழிப்பார். காலணியைக் கழற்றுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்!

இன்னொன்று, பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ஊர் கேட்பது அன்பு. "கல்யாணம் ஆயிற்றா, சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை?" என்று தொடர்வது, அவர் எழுந்து போக முடியாத இடத்தில் செய்யும் விசாரணை. புத்தகத்தைத் திறந்தாலோ காதில் கருவியை மாட்டினாலோ, பேச விருப்பமில்லை என்று அர்த்தம்.

விமானம் தரையைத் தொட்டதும் மேல்தட்டுப் பெட்டிக்குப் பாய்கிறோமே, அதைப் பற்றி மட்டும் சற்று அழுத்தமாகச் சொல்கிறேன். 2024 ஜனவரி 2-ஆம் நாள் தோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஜப்பானியப் பயணி விமானம் ஒன்று, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் மாண்டார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பெட்டிகளை விட்டுவிட்டு வரும்படி சொன்னார்கள், பயணிகள் கேட்டார்கள். ஒருவர் தம் பெட்டியை இறக்க நடைவழியில் நின்றிருந்தால், பின்னால் நிற்பவர்களுக்கு வழி ஏது?

நிறைவாக, நம் குழுப் பயணங்களுக்குச் சீட்டு எடுக்கும் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு நடைவழி இருக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அவசர வழி வரிசையில் இடம் தாராளம்தான். ஆனால் ஆபத்து வேளையில் கதவைத் திறக்கும் வலு உள்ளவர்களைத்தான் அங்கே அமர்த்துவார்கள், பெரியவர்களுக்கு அது ஆகாது. இருக்கையைத் தேர்ந்தெடுக்கச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கின்றன. அடுத்து புறப்படும் குழுவில் அப்படி எத்தனை பேர் இருந்தாலும் அந்தச் செலவு என்னுடையது. பெயர்களைச் செயலாளரிடம் இன்றே கொடுத்துவிடுங்கள்.